வில்லங்கமில்லாத வீடு

வில்லங்கம் என்ற சொல் எனக்குத் தினசரிப் புழக்கத்தில் உள்ளது. வங்கியில் வீட்டின் பேரில் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழ். பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அதில் வரிசையாக வரும். அந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பது வராது. பதிவாகாத குடித்தனம் சான்றிதழைப் பொறுத்தவரை இல்லாத குடித்தனம். பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இந்தச் சான்றிதழைப் போலவேதான் எழுதுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. டப்ளின் நகரின் ஹென்றியெட்டா தெருவில் உள்ள 14ஆம் எண் வீட்டை வைத்து இதை யோசிக்கலாம்.

1720களில் லூக் கார்டினர் அமைத்த தெரு அது. பிரபுக்களும் பிஷப்புகளும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் குடியிருப்பதற்கென்றே ஏற்பட்டது. 14ஆம் எண் வீட்டை 1740களின் கடைசியில் கார்டினரே கட்டினார். முதலில் குடியேறியவர் மோல்ஸ்வொர்த் பிரபு. உயர்ந்த கூடங்கள், கூரையில் சாந்து வேலைப்பாடு, விருந்தாளிகள் ஏறிவருவதைப் பிறர் நின்று பார்க்கும்படியான மாடிப்படி. இந்த ஆடம்பரம் நின்றது டப்ளினில் ஒரு பார்லிமெண்டு இருந்ததன் மேல். 1800இல் நிறைவேறிய இணைப்புச் சட்டம் அந்தப் பார்லிமெண்டைக் கலைத்து, அதிகாரத்தை லண்டனுக்குக் கொண்டுபோயிற்று. பிரபுக்களும் பின்னாலேயே போனார்கள். தெருவில் வக்கீல்கள் வந்தமர்ந்தார்கள்.

1850இல் இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கோர்ட்டு வந்தது. வில்லங்கப்பட்ட எஸ்டேட்டுகளின் கோர்ட்டு என்றே அதற்குப் பெயர். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் குடியானவர்கள் மடிந்தார்கள், கப்பலேறினார்கள். வாடகை வராமல் ஏற்கனவே கடனில் இருந்த நிலச்சுவான்தார்கள் மூழ்கினார்கள். 1849ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று கமிஷனர்கள் உட்கார்ந்து அந்த நிலங்களை விற்றார்கள். கடன்காரர்களின் உரிமை நிலத்திலிருந்து விலகி விற்பனைப் பணத்தின் மேல் ஏறும். வாங்குகிறவனுக்குச் சுத்தமான பட்டயம் கிடைக்கும். வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாட்டின் நேர்த்தி புரிகிறது. கடன் கொடுத்தவனுக்கு அதில் இடமிருந்தது. எழுத்தில் குத்தகை இல்லாமல் தலைமுறையாக உழுதவனின் பாத்தியதை வில்லங்கமாகக்கூடக் கணக்கில் ஏறவில்லை.

கோர்ட்டுக்குப் பிறகு ராணுவத்தார் இருந்தார்கள். பிறகு தாமஸ் வான்ஸ் என்பவர் 1877இல் வீட்டை ஒண்டுக்குடித்தனமாக்கினார். பெரிய மாடிப்படியைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தையும் அறையாக்கி, 19 குடித்தனங்களாகத் தடுத்தார். மரியாதையான குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்படும் என்று விளம்பரமும் செய்தார். 1911 குடிக்கணக்கின்படி அந்த ஒரு வீட்டில் 17 குடும்பங்கள், 100 பேர். தையல்காரி, தொப்பி செய்பவர்கள், மரச்சாமான்களுக்கு மெருகு பூசுபவர்கள், புத்தகம் பைண்டு செய்பவர்கள். 1913 செப்டம்பரில் அதே நகரின் சர்ச் தெருவில் இத்தகைய வீடுகள் இடிந்து 7 பேர் செத்த பின்புதான் அரசாங்கம் ஒரு விசாரணை வைத்தது.

ஹென்றியெட்டா தெரு எனக்குப் பழக்கமானது ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பு மூலம். 1914இல் வெளிவந்த அதில் சின்ன சாண்ட்லர் என்ற குமாஸ்தா வருகிறான். முப்பத்திரண்டு வயது, கவிஞனாகும் ஆசை. தெருவின் கோடியிலுள்ள கிங்ஸ் இன்ஸில் வேலை முடிந்து இந்தத் தெரு வழியாக இறங்குகிறான். வாசற்படிகளில் அழுக்குப் பிள்ளைகள் ஊர்கிறார்கள். அவர்களைப் பற்றி அவனுக்கு நினைப்பே இல்லை. பழைய பிரபுக்களின் ஞாபகமும் அவனைத் தொடவில்லை. சற்று நேரத்தில் பாலத்தைக் கடக்கும்போது ஆற்றங்கரையின் குட்டை வீடுகளைப் பார்த்து இரக்கம் சுரக்கிறது. அவை நாடோடிகள் போலத் தெரிகின்றன. இதைக் கவிதையாக்கலாமே என்று தோன்றுகிறது. பிள்ளைகளிடம் எழாத இரக்கம் செங்கல்லிடம் எழுகிறது, அதுவும் கவிதைக்கு உபயோகப்படும் என்பதால். ஜாய்ஸ் இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. நானும் ஒரு குமாஸ்தா, அதே வயதுக்காரன் என்பதால் இந்த இடத்தை வெறும் கேலியாக என்னால் படிக்க முடிவதில்லை.

நம் கவிதைகளில் விற்கப்பட்ட பூர்வீக வீடுகளுக்குப் பஞ்சமில்லை. முற்றம், தூண், ஊஞ்சல், பிறகு விலைப்பத்திரம். அந்தத் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவிதை விற்பனையோடு முடிந்துவிடுகிறது. வாங்கியவன் தடுப்புச் சுவர் எழுப்பி எட்டுக் குடித்தனம் வைத்தான் என்றால், அது நமக்கு வீட்டின் சீரழிவு. அங்கே பிறந்த பிள்ளைக்கு அதுதான் வீடு. 14ஆம் எண் வீட்டில் பிரபுக்கள், வக்கீல்கள், கோர்ட்டு, ராணுவம் எல்லாம் சேர்ந்து சுமார் 130 வருஷம். ஒண்டுக்குடித்தனம் தனியாக ஏறக்குறைய 100 வருஷம். இந்த இரண்டாவது காலத்தை வீழ்ச்சி என்ற ஒரே சொல்லில் அடக்குவது சரித்திரமாகாது. அப்படியென்று நூறு பேர் நெருங்கிக் கிடந்ததை சமூக வாழ்வின் அழகு என்று கொண்டாடுவதும் அதே சாண்ட்லர் பார்வைதான். பாலத்துக்கு அந்தப்புறம் நின்று பார்ப்பது.

1970களின் கடைசியில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. டப்ளின் மாநகராட்சி வீட்டைப் பழுதுபார்த்து 2018இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பிரபு காலத்துச் சாந்து வேலையோடு, குடித்தனக் காலத்தில் நடையிலும் படிக்கட்டிலும் அடித்திருந்த காவிச் சிவப்பையும், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தின் நிறத்தையும் சுரண்டியெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் வாய்மொழி நினைவுகளையும் சேகரித்தார்கள். எந்தப் பத்திரத்திலும் பெயர் ஏறாதவர்களின் சாட்சியம் அது. வீட்டைப் பற்றி எழுதப்போகும் நம் கவிஞர், விற்ற தாத்தாவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்கட்டு அறையில் யார் வாடகைக்கு இருந்தார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.