பிறக்காதவர்களின் வக்கீல்

1992. ரியோ புவி உச்சி மாநாட்டுக்கான ஏற்பாடுகளின்போது, மத்தியதரைக் கடலில் புள்ளியாய்க் கிடக்கும் மால்டா ஒரு விநோத யோசனை சொன்னது. இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கு ஓட்டு கிடையாது. மனுக் கொடுக்கவும் கொடி பிடிக்கவும் வழியில்லை. அவர்களுக்காகப் பேச ஒரு காப்பாளரை நியமித்தால் என்ன? மாநாடு அதை ஏற்கவில்லை. ஆனால், அடுத்த ஆண்டே அந்த எண்ணம் பாரிஸில் தலைகாட்டியது.

வருங்காலத் தலைமுறைகளின் உரிமைக்கென்று அதிபர் மித்தெரான் ஒரு குழு அமைத்தார். தலைவர், சிவப்புக் குல்லாயும் காலிப்ஸோ கப்பலுமாக உலகுக்கே கடலைக் காட்டிய ஜாக் கூஸ்தோ. 1995இல் ஆட்சி மாறியது. பசிபிக்கில் மீண்டும் அணுகுண்டுச் சோதனை என்று புதிய அதிபர் ஷிராக் அறிவித்தார். கூஸ்தோ ராஜினாமாவை நீட்டினார், குழு முடங்கியது. இனி இதைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்?

2001இல் இஸ்ரேலுக்கு வந்தது. நீதிபதியாக இருந்த ஷ்லோமோ ஷோஹாம் வருங்காலத் தலைமுறைகளின் ஆணையராகி, நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களை நாளைய பிள்ளைகளின் கண்ணால் படித்துக் கருத்துச் சொன்னார். அமைச்சகங்களிடம் தகவல் கேட்கும் அதிகாரமும் இருந்தது. அதுவே வினையானது. மசோதாக்கள் தாமதமாவதாக உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். 2006இல் பதவிக்காலம் முடிந்தது. நாற்காலிக்கு அடுத்த ஆள் வரவேயில்லை.

2008இல் ஹங்கேரி, சுற்றுச்சூழல் வழக்கறிஞர் ஷாண்டோர் ஃபூலப்பை இதே பணிக்கான தனி ஆணையராகத் தேர்ந்தெடுத்தது. மூன்றே ஆண்டுகளில் புதிய அரசியல் சாசனம் எழுதப்பட்டது. வருங்காலத் தலைமுறை என்ற சொல் சாசனத்தில் ஏறியது. தனி ஆணையரோ துணை ஆணையராக இறங்கினார். மூன்று நாடுகளில் மூன்று சறுக்கல். ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலி, ஆள்வோரின் மனப்போக்கை நம்பியே நின்றது. அதை வேர் பிடிக்கவைக்க வழி உண்டா?

வழி ஓர் இழப்பிலிருந்து பிறந்தது. சிக்கனத்தைக் காரணம் காட்டி, பிரிட்டிஷ் அரசு 2011இல் தன் நிலைத்த வளர்ச்சி ஆணையத்தை மூடியது. வேல்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. வருங்காலத்தைக் காக்கும் கடமையைச் சட்டமாக்க வேண்டும் என்று முதலில் வாதாடிய அமைச்சர் ஜேன் டேவிட்சன், அதே ஆண்டு பதவியிலிருந்து விலகினார். விதைத்தவர் போன பிறகு முளைக்குமா?

முளைத்தது. 2015இல் வந்த சட்டம், நாளைய தலைமுறையை எண்ணி முடிவெடுக்கும் கடமையை 44 பொது அமைப்புகளின் தலையில் வைத்தது. அதைக் கண்காணிக்கும் ஆணையருக்கு ஏழாண்டுப் பதவிக்காலம். ஒரு தேர்தலில் ஆட்டம் காணாது. தடை போடும் அதிகாரம் இல்லை. அவர் பரிந்துரைப்பார், அமைப்புகள் பதிலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கேள்வி கேட்பதை மட்டும் வைத்து என்ன சாதிக்க முடியும்?

வேல்ஸின் நியூபோர்ட் நகரத்துச் சுரங்கப்பாதையில் எம்4 நெடுஞ்சாலை குறுகும். வண்டிகள் மூச்சு முட்டி நிற்கும். மாற்றாக, கால்வாய்கள் பின்னிய க்வெண்ட் சதுப்புநிலம் வழியே சுமார் 23 கிலோமீட்டர் புதுச் சாலை போடத் திட்டம். முதல் ஆணையர் சோஃபி ஹோவ் எதிர்த்தார். திட்டத்தை விசாரித்த அதிகாரியோ சாலை வேண்டும் என்றார். 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட், செலவையும் சூழலையும் காட்டித் திட்டத்தைக் கைவிட்டார்.

மால்டா கேட்ட காப்பாளருக்கு இன்று பெயர்ப்பலகை உண்டு: வேல்ஸின் வருங்காலத் தலைமுறைகளுக்கான ஆணையர். கட்சிக்காரர் ஒருவரும் இன்னும் பிறக்கவில்லை. வக்கீல் வேலைக்கு வந்துவிட்டார்.