எங்க செட்டும் பம்பு செட்டும்

"நீங்க எந்த செட்?" இந்த மலரைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரையும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். நான் 2012 செட்.

இந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் லேசுப்பட்டதல்ல. 1989-ல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான விளக்கம் இதற்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள்கள். (பிற்பாடு 'ரன்' முந்திக்கொண்டது.) நாமும் சும்மா இருக்கவில்லை. மைக் செட், பேண்டு செட், செட் தோசை, 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' என்று நம் பங்குக்குச் சேர்த்துவிட்டோம்.

ஆனால் தஞ்சைக் கிராமங்களில் வெறுமனே 'செட்டு' என்றால் பம்பு செட்டுதான். என்ஜின் வேறு, பம்பு வேறு. ஜோடி சேர்த்ததால் செட். மோனோபிளாக்கில் மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பு, கறாராகப் பார்த்தால் அது செட்டே இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்!

காவிரி பாயும் ஊரில் செட் எதற்கு? 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12 நமக்குப் பண்டிகை மாதிரி. 1960-களில் பேக்கேஜ் திட்டமும், குறுவைக்கேற்ற ஆடுதுறை 27 நெல்லும் வந்தன. அணைத் தண்ணீர் வருமுன்பே நாற்று விட்டவர் கெட்டிக்காரர். மணற்பாங்கான நிலத்தில் ஃபில்டர் பாயிண்ட் இறக்கினால் அதிக ஆழம் போகாமலே தண்ணீர் கிடைக்கும். அன்று செட் காவிரிக்குத் துணை, அவ்வளவுதான். கடைமடையில், வேதாரண்யம் பக்கம், அந்தத் துணையும் கிடையாது. துளை போட்டால் உப்புத் தண்ணீர்.

2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்கவே இல்லை. 2012-ல் திறந்தது செப்டம்பர் 17. செட் இருந்த வயலில் குறுவை, இல்லாத வயலில் வெடிப்பு. ஒரே வாய்க்கால் பாசனக்காரர்கள் இரண்டு செட்டாகப் பிரிந்துபோனார்கள். எங்கள் வீட்டில் செட் இல்லை. பக்கத்து வயல்காரரிடம் மணிக்கு இவ்வளவு என்று பேசி அப்பா தண்ணீர் வாங்கினார். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், தண்ணீருக்குத்தான் விலை! "காவேரிக் கரையில காசு குடுத்துத் தண்ணி வாங்கறேன்டா" என்றார். அந்த வருஷம் என் பட்டம் வந்ததை அவரிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

2020-ல் மறுபடி ஜூன் 12-லேயே திறந்தார்கள். அதற்குள் அப்பா கடன் வாங்கி டீசல் என்ஜினும் பம்பும் போட்டிருந்தார். கறாரான அர்த்தத்தில் நிஜமான செட். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்கும் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.