சினைப்பை நீர்க்கட்டிகளில் இரத்தநாள வளர்ச்சிக் காரணி: அளவும் அதன் பொருளும்

சினைப்பை நீர்க்கட்டியின் திரவத்தில் வி.இ.ஜி.எஃப். எனப்படும் இரத்தநாள வளர்ச்சிக் காரணி மிகுந்திருந்தால் புற்றுநோயை ஐயுற வேண்டும் என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சாதாரணக் கட்டிகளைவிடப் புற்றுக்கட்டிகளில் இக்காரணி பொதுவாகவே அதிகம். ஆனால் கட்டி எவ்வகை என்று அறியாமல் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது பிழை என்பதே என் வாதம்.

வளர்ந்தவர் உடலில் புதிய இரத்தநாளங்கள் இயல்பாக முளைக்கும் இடங்கள் வெகு சில. சினைப்பை அவற்றுள் ஒன்று. முட்டை வெளியேறும்வரை, அது வளரும் சினைக்குமிழின் உட்புறக் கிரானுலோசா அடுக்கில் நாளங்களே இல்லை. வெளியிலுள்ள தீக்கா அடுக்கோடு அவை நின்றுவிடுகின்றன. முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உச்சம் தொட்டதும் கிரானுலோசா செல்கள் வி.இ.ஜி.எஃப். சுரப்பைக் கூட்டுகின்றன; நாளங்கள் உள்ளே படர்கின்றன. அடுத்து உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம், உடலில் இரத்தநாளச் செறிவு மிக்க திசுக்களுள் ஒன்று. 1998இல் ஃபெராரா குழுவினர் எலிகளில் இக்காரணியைத் தடுத்தபோது கார்ப்பஸ் லூட்டியத்தின் நாள வளர்ச்சி ஒடுங்கியது. ஆகவே கார்ப்பஸ் லூட்டியக் கட்டியைச் சுற்றி டாப்ளர் ஸ்கேனில் தெரியும் இரத்த வளையம் இயல்பான செயலின் அடையாளம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் தோன்றும் சாக்லேட் கட்டியின் கதை வேறு. மாதந்தோறும் கசியும் இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கிப் பழுப்புக் குழம்பாகிறது. அழற்சியும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் அங்குள்ள செல்களையும் மேக்ரோபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்களையும் வி.இ.ஜி.எஃப். சுரக்கத் தூண்டுகின்றன. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இரத்தத் தட்டணுக்களே இக்காரணியைச் சேமித்து வைத்திருப்பவை, உறையும்போது அதை வெளிவிடுபவை. உறைந்த இரத்தம் கலந்த திரவத்தில் காணும் அளவில் கட்டிச் சுவரின் பங்கு எவ்வளவு, தட்டணுக்களின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். புற்று அல்லாத இக்கட்டியிலும் அளவு உயர்ந்திருப்பதில் வியப்பில்லை.

நீர்த்த திரவம் நிறைந்த சீரஸ் கட்டிகளில் கணக்கு மறுபுறம் சாய்கிறது. 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டியில் ஏறத்தாழ 14 மி.லி. திரவம் இருக்கும், 10 செ.மீ. கட்டியிலோ 520 மி.லி.க்கு மேல். இரண்டும் ஒரே அளவு வி.இ.ஜி.எஃப். கொண்டிருந்தால், பெரியதில் அதன் செறிவு 37இல் ஒரு பங்காகவே தெரியும். செறிவை மட்டும் ஒப்பிட்டு, பெரிய கட்டியின் சுவர் குறைவாகச் சுரக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

புற்றில் இக்காரணியின் பங்கு உண்மையானது. 1983இல் டுவொராக் ஆய்வகம் இதை நாளங்களைக் கசியச் செய்யும் பொருளாகவே முதலில் விவரித்தது. புற்றில் வயிற்றில் நீர் கோப்பதற்கும் அக்கசிவு ஒரு காரணம். இக்காரணியைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து நோய் முற்றுவதைத் தள்ளிப்போடுகிறது என்று 2011இல் வெளியான இரு பெரிய சோதனைகள் காட்டின. ஆனால் சிகிச்சைக்கு இலக்காகும் பொருள் நோயறிதலுக்கும் அளவுகோலாகிவிடும் என்று கொள்வதற்கில்லை.

இனி வரும் ஆய்வுகள் கட்டியின் திசுவியல் வகை, மாதவிடாய்ச் சுழற்சியின் நாள், கட்டியின் கொள்ளளவு, இரத்தக் கலப்பு ஆகியவற்றைச் சேர்த்தே வி.இ.ஜி.எஃப். அளவை வெளியிட வேண்டும். இந்த அளவை அறிவதற்காக ஐயத்துக்குரிய கட்டியை ஊசியால் துளைக்கவும் கூடாது. புற்று செல்கள் வயிற்றறைக்குள் சிந்திப் பரவ அது வழிவிடும்.