விடுமுறையில் கூடிய காங்கிரஸ்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலைகள் சித்திரை மாதத்தில் மூடப்படுகின்றன. இன்று அவ்விடுமுறையின் பெரும்பகுதியை ரியூசன் வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு எஞ்சுவது சில மாலைப்பொழுதுகளே. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதே விடுமுறைகளை ஒரு தலைமுறை வேறு வகையிற் பயன்படுத்திற்று. அதனை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று.

1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பையே குறிப்பிடுகிறோம். அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர், பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். உடன் நின்றவர்களிற் பெரும்பாலோர் இளம் ஆசிரியர்களும் மேல் வகுப்பு மாணவர்களுமாவர். தவணை நாட்களில் வகுப்பறை அவர்களைக் கட்டிவைத்தது. ஆகவே மாநாடுகளுக்கு விடுமுறையே உகந்த காலமாயிற்று. பூரண சுயராச்சியம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, சிங்களவர் தமிழர் ஒற்றுமை ஆகியவை அங்கு விவாதப் பொருள்களாயின. தென்னிலங்கைத் தலைவர்களும் அழைக்கப்பட்டனர். 1927 நவம்பர் இறுதியில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இவ்வாலிபர்களின் அழைப்பை ஏற்றேயாம். கதர் நிதி திரட்ட மாணவர்கள் ஊரூராகச் சென்றனர். அந்நிய துணியை உதறிக் கதர் உடுத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பினுள் நுழைவதே அந்நாளில் ஓர் அரசியற் செயலாகக் கருதப்பட்டது.

எனினும் சுயராச்சியத் தீர்மானத்தை நிறைவேற்றுதல் எளிது; பக்கத்து இலையில் யார் அமர்ந்து உண்பது என்பதுதான் யாழ்ப்பாணத்தில் உண்மையான சோதனை. காங்கிரஸ் தன் கூட்டங்களிற் சமபந்தி போசனத்தை வழக்கமாக்கிற்று. இன்றைய வாசகருக்கு இஃது அற்பமாகத் தோன்றலாம். அக்காலத்துக் குடாநாட்டில், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றபோதும், பல இடங்களில் அவர்களுக்கு வாங்கில் இடமில்லை. அவர்கள் தரையில் இருந்தனர். சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டனர். அரசாங்கத்தின் உதவிப் பணம் பெற்ற பாடசாலைகளின் நிலையே இதுவென்றால் ஏனையவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

1920களின் இறுதியில், உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. மேற்சாதியினர் கொதித்தெழுந்தனர். 1930இல் பல பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. அவை பெரும்பாலும் ஓலைக் கொட்டில்கள். ஒரு தீக்குச்சி போதும். ஒரு சிறுவன் வாங்கில் உட்காருவதைக் காட்டிலும் பள்ளிக்கூடம் சாம்பலாவதே மேல் என்று எண்ணும் அளவுக்கு அச்சமூகத்தின் நெஞ்சு இறுகியிருந்தது. வாலிபர் காங்கிரஸ் தயக்கமின்றிச் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. அதன் உறுப்பினர் பலர் எதிர்த்தவர்களின் வீடுகளிலேயே பிறந்தவர்கள், அவர்களின் உப்பைத் தின்று வளர்ந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. தந்தைக்கும் பெரியப்பனுக்கும் முன்னால் நின்று பேசுதல், தேசாதிபதிக்கு எதிராகத் தீர்மானம் எழுதுவதிலும் கடினமானது.

1931 சித்திரை விடுமுறையில் கூடிய மாநாட்டுக்குக் கமலாதேவி சட்டோபாத்தியாயா இந்தியாவிலிருந்து வந்தார். டொனமூர் அரசியலமைப்பு சுயராச்சியம் தரவில்லை. எனவே அதன்கீழ் நடக்கும் தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என வாலிபர் முடிவு செய்தனர். தேர்தலில் நிற்க இருந்தவர்களையும் இணங்கச் செய்தனர். மே மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஏகாதிபத்திய அரசமைப்பை இலங்கையில் இவ்வளவு முழுமையாக வேறெந்த இளைஞர் அமைப்பும் அக்காலத்தில் மறுத்ததில்லை. பிலிப் குணவர்த்தன அதனைப் போற்றி எழுதினார்.

அவரது மகிழ்ச்சியில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் முழு மனத்தோடு அன்று. டொனமூர் திட்டம் எத்துணைக் குறைபாடுடையதாயினும், 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமையை வழங்கிற்று. வாங்கில் இடம் மறுக்கப்பட்டவனின் தந்தையும் தாயும் முதன்முறையாக மேற்சாதியானுக்குச் சமமான ஒரு சீட்டைப் பெட்டியிற் போட்டிருக்கக்கூடிய ஆண்டு அது. அந்தச் சீட்டை எவரும் போடவில்லை. பகிஷ்கார முடிவை எடுத்தோர் ஆங்கிலக் கல்லூரிகளில் பயின்றவர்கள், பெரும்பாலோர் வேளாளர். கூலிக்காரனிடமோ சீவல் தொழிலாளியிடமோ இது குறித்துக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்ததாக நமக்குப் படவில்லை. அவர்களுடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. இலட்சியம் மேடையில் வளர்ந்த வேகத்திற்கு ஈடாகக் குடிசைகளில் வேரூன்றவில்லை என்பதே நம் கணிப்பு.

அதன் விளைவும் தாமதிக்கவில்லை. தென்னிலங்கையில் பகிஷ்காரம் பரவவில்லை. குடாநாட்டில் மனம் மாறியவர்கள் தேர்தல் கேட்டு மனுச் செய்தனர். 1934இல் இடைத்தேர்தல் நடந்தது. பருத்தித்துறையில் வென்று அரசாங்க சபை சென்ற ஜி. ஜி. பொன்னம்பலம், சில ஆண்டுகளில் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கையின் குரலானார். வகுப்புவாதத்தை ஒழிக்க விடுமுறைதோறும் கூடிய வாலிபர்களின் தொகுதிகளில் வகுப்பு அரசியல் தளம் அமைத்துக்கொண்டது. காங்கிரஸ் மெல்ல ஒடுங்கிற்று. அதன் உறுப்பினர் பலர் மீண்டும் வகுப்பறைக்கே திரும்பி நல்ல ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் புகழ் பெற்றனர். தாய்மொழிக் கல்விக்கு அவர்கள் தேடித்தந்த ஆதரவு சிறிதன்று.

சம ஆசனக் கிளர்ச்சிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்ல வழி கேட்டு அமர்ந்தனர். கதவு அடைக்கப்பட்டது. இம்முறை அவர்களுக்குத் துணையாக நின்றது, அதற்கு முந்திய ஆண்டில் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். அதில் ஆசிரியர்களும் இருந்தனர். ஆனால் முன்வரிசையில் இருந்து அடிவாங்கியவர்களிற் பலர் ஒருநாள் கூலியை இழந்து வந்த தொழிலாளர்கள்.