நாண் உள்ளே போன கதை

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் ஒரு பொம்மையைப் பற்றிப் பேசுகிறது. மனத்தில் நாணமில்லாதவர்கள் நடமாடுவதை, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதோடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். ‘நாண்’ என்ற ஒரே சொல் அங்கே வெட்கத்தையும் கயிற்றையும் குறிக்கிறது. அந்தப் பாவையின் உயிர் அதன் உடலுக்கு வெளியே இருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் இன்றும் அதுதான் முறை. பாவையைத் தாங்கும் கயிறுகள் ஆட்டுபவரின் தலையில் உள்ள வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அவர் தலையை அசைத்தால் பாவை அசையும். அவர் வளையத்தைக் கழற்றி வைத்தால் பாவை சரிந்து விழும்.

இதற்கு நேர்மாறான ஒரு பொம்மை உண்டு. அதில் நாண் உடலுக்குள்ளே ஓடுகிறது. மூட்டுகள் உருண்டைகளாக இருக்கின்றன. கையை உயர்த்தி விட்டால் உயர்ந்தபடியே நிற்கும். அதைப் பிடித்திருப்பவர் எவருமில்லை. ஜப்பானியர் இதைக் ‘கியூதாய் கன்செட்சு நிங்கியோ’ என்பார்கள். கோள மூட்டுப் பொம்மை என்று பொருள். இன்று உலகெங்கும் கலைஞர்கள் கையால் செய்யும் இந்தப் பொம்மையின் வரலாறு, நாண் வெளியிலிருந்து உள்ளே போன வரலாறுதான். அந்தப் பாதை ரோம், பெர்லின், பாரிஸ், டோக்கியோ என்று நீள்கிறது.

மூட்டு வைத்த பொம்மை மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் கைகால் ஆடும் சுடுமண் பொம்மைகளைச் செய்தார்கள். 1889இல் ரோமில் நீதிமன்ற மாளிகைக்கு அத்திவாரம் தோண்டியபோது, கிரெப்பெரேயா திரிபேனா என்ற இளம்பெண்ணின் கல்சவப்பெட்டி கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவளுடன் ஒரு தந்தப் பொம்மையும் இருந்தது. அதற்குத் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாவற்றிலும் மூட்டு உண்டு. ஆனால் அவை ஆப்பு மூட்டுகள். கதவுக் கீல் போல ஒரே திசையில் மடங்கும். உட்கார வைக்கலாம், தோளைச் சற்றே திருப்பித் திரும்பிப் பார்க்க வைக்க முடியாது.

கிரேக்கத்தில் ‘கோரே’ என்ற சொல் சிறுமியையும் பொம்மையையும் கண்மணியையும் குறித்தது. தமிழில் ‘பாவை’யும் அப்படியே. எதிரே நிற்பவர் கண்ணின் கருமணிக்குள் நம் உருவம் சிறு பொம்மையாகத் தெரிவதே காரணம். பொம்மையைப் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை இரு மொழிகளும் அறிந்திருந்தன.

எல்லாத் திசையிலும் திரும்பும் பந்துக் கிண்ண மூட்டு, நம் தோளிலும் இடுப்பிலும் இருப்பதுதான். 16ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் அதை மரத்தில் செதுக்கி ஒரு சாணுக்கு மேற்படாத ஆண், பெண் உருவங்களைச் செய்தார்கள். ஓவியர்கள் உடல்நிலைகளைப் பார்த்து வரைய இத்தகைய உருவங்கள் உதவின. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ஜுமோ நிறுவனமும் ஜேர்மனியின் துரிங்கியப் பட்டறைகளும் பீங்கான் தலையும் கூழால் வார்த்த உடலும் கொண்ட சிறுமிப் பொம்மைகளைச் செய்தன. அவற்றின் முழங்காலிலும் முழங்கையிலும் மர உருண்டைகள் இருந்தன. உள்ளே இலாஸ்டிக் நாடா எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருந்தது. நாண் உள்ளே போய்விட்டது. ஆனால் அது இன்னும் விளையாட்டுப் பொருள்தான்.

அதைக் கலைப்பொருளாக்கியவர் ஹான்ஸ் பெல்மர். 1902இல் கட்டோவிட்ஸில் பிறந்து, பெர்லினில் விளம்பர வரைஞராக வாழ்ந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, இந்த அரசுக்குப் பயன்படும் எந்த வேலையையும் இனிச் செய்வதில்லை என்று தொழிலை விட்டார். பொறியாளரான தம்பியின் உதவியோடு, மரச் சட்டம், பிளாஸ்டர், சணல்நார், வச்சிரம் ஆகியவற்றால் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு சிறுமிப் பொம்மையைச் செய்தார். 1934இல் அதன் பத்துப் புகைப்படங்களை ‘பொம்மை’ என்ற சிறு நூலாகத் தன் பெயரின்றி வெளியிட்டார். அதே குளிர்காலத்தில் பாரிஸின் மிகைநடப்பியல் இதழான ‘மினோதோர்’ பதினெட்டுப் படங்களை அச்சிட்டது.

முதல் பொம்மை சரியாக அசையவில்லை. பின்னர் பெர்லின் அருங்காட்சியகத்தில், பொம்மைக் கலைஞர் லோட்டே பிரிட்செலுடன் அந்த 16ஆம் நூற்றாண்டு மர உருவங்களைப் பெல்மர் பார்த்தார். தேடிய விடை அங்கே இருந்தது. 1935இல் தொடங்கிய இரண்டாவது பொம்மைக்கு வயிறே ஒரு பெரிய உருண்டை. அதைச் சுற்றி எந்த உறுப்பையும் எங்கும் பொருத்தலாம்: இரண்டு இடுப்பு, நான்கு கால், தலையே இல்லாமலும் கூட.

நேர்த்தியான, ஆரோக்கியமான, ஒரே அச்சில் வார்த்த உடலைத் தெய்வமாக்கிய ஆட்சிக்கு எதிராக, சிதைந்த உடலை அவர் முன்வைத்தார் என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையே. அவர் சிதைத்துக் காட்டியது ஒரு சிறுமியின் உடல் என்பதும் உண்மை. மரத்தில் கட்டியும் படிக்கட்டில் கிடத்தியும் அவர் எடுத்த படங்களை இன்று பார்ப்பவருக்கு எதிர்ப்பும் வன்மமும் சேர்ந்தே தெரியும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக்கூடாது. 1938இல் மனைவி இறந்த பின் பெல்மர் பாரிஸுக்குப் புலம்பெயர்ந்தார். போர் தொடங்கியதும், எந்த அரசை வெறுத்து வெளியேறினாரோ அந்த நாட்டவர் என்பதற்காகவே பிரான்ஸ் அவரை லெ மில் முகாமில் அடைத்தது. 1975இல் பாரிஸிலேயே இறந்தார்.

1965இல் எழுத்தாளர் ஷிபுசாவா தத்சுஹிகோ, ‘ஷின் ஃபுஜின்’ என்ற ஜப்பானிய மகளிர் இதழில் பெல்மரின் பொம்மையை அறிமுகப்படுத்தினார். யோத்சுயா சிமோன் என்ற இளைஞர் அதைப் பார்த்தார். 1944இல் பிறந்த அவர் அப்போதே பொம்மை செய்துகொண்டிருந்தார். பின்னர் காரா ஜூரோவின் நாடகக் குழுவில் பெண் வேடமும் ஏற்றார். பொம்மையே தன் உடலால் ஒரு நிலையை எடுத்து நிற்கலாம் என்பதை அந்தப் பக்கம் அவருக்குக் காட்டியது. அதுவரை சேர்த்த பொருள்களைத் தூக்கி எறிந்தார். 1973இல் டோக்கியோவில் முதல் தனிக்காட்சி. 1978இல் சொந்தப் பொம்மைப் பள்ளி. பெல்மரிடம் அவர் நேரில் எதுவும் கற்கவில்லை. குரு கைபிடித்துச் சொல்லித் தராத ஒரு கைத்தொழில், அச்சான தாளின் வழியாகக் கடல் கடந்தது.

அது விழுந்த நிலம் தரிசல்ல. கிளிஞ்சல் சுண்ணத்தை வச்சிரத்தோடு குழைத்து அடுக்கடுக்காகப் பூசித் தேய்க்கும் ‘கோஃபுன்’ முறையால், ஜப்பானியப் பொம்மைகளுக்குத் தோல்போன்ற வெண்மை நூற்றாண்டுகளாகவே வாய்த்திருந்தது. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடங்கி மண்டியிடும் பொம்மைகளும் அங்கே இருந்தன. பெல்மரின் மூட்டும் ஜப்பானின் தோலும் அங்கே ஒன்றாயின.

செய்முறை இதுதான். முதலில் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் உண்மை அளவில் வரையப்படும். அதன்படி ஸ்டைரோஃபோமில் உள்ளச்சு வெட்டி, கல்தூள் களியைச் சீரான தடிப்பில் போர்த்துவார்கள். காய்ந்ததும் கத்தியால் பிளந்து உள்ளச்சை எடுத்துவிட்டு ஓட்டை ஒட்டுவார்கள். இப்போது உறுப்புகள் குழாய்கள். தனியே செய்த உருண்டைகளை மூட்டுகளில் பொருத்தி, எதிர்ப்பக்கத்தில் கிண்ணக் குழி தோண்டி, முழங்கால் மடங்கும்போது நாடா நகர ஒரு நீளத் துளை இடுவார்கள். பிறகு உப்புத்தாளால் தேய்ப்பு, குறை தெரியும் இடத்தில் மீண்டும் களி, மீண்டும் தேய்ப்பு. வேலையின் பெரும்பகுதி இதுவே. மண்டையின் மேல்பாகத்தை மூடிபோல் அறுத்து, உள்ளிருந்து கண்ணாடிக் கண்களைப் பதிப்பார்கள். கடைசியில் இலாஸ்டிக் நாடாவைக் கழுத்திலிருந்து பாதம்வரையும் ஒரு கையிலிருந்து மறுகைவரையும் கோத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். தளர்ந்தால் பொம்மை சரியும். மிக இறுகினால் கால் உதைத்து நிமிரும். நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சிமோனுக்குப் பின் இந்தக் கலையில் பெண்கள் பலர் வந்தார்கள். அமானோ கதான் அவர்களில் ஒருவர். 1953இல் பிறந்து 1990இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர். அவருடைய சிறுமிகள் சோர்ந்து அமர்ந்து, எதையோ மறுப்பதுபோல் பார்க்கிறார்கள். பெல்மரின் பொம்மைக்குப் பெரும்பாலும் பார்வையே இல்லை. அது பார்க்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. கதானின் பொம்மை திரும்பிப் பார்க்கிறது. அதே மூட்டு, வேறு கை. வன்மத்தின் கருவி தன்னுருவத்தின் கருவியானது இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் என்பேன்.

1999இல் கியோட்டோவின் வோல்க்ஸ் நிறுவனம் ‘சூப்பர் டால்ஃபி’ என்ற ரெசின் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அச்சில் வார்ப்பதால் ஒரே முகம் பல வீடுகளுக்குப் போனது. ஆனால் வாங்கியவர்கள் அதை அப்படியே வைத்திருக்கவில்லை. கண்ணை மாற்றினார்கள், முகத்தைத் துடைத்து மீண்டும் வரைந்தார்கள். சிலர் களியை வாங்கித் தாமே செய்யத் தொடங்கினார்கள். 2004இல் டோக்கியோ நவீனகால கலை அருங்காட்சியகம் இந்தப் பொம்மைகளுக்கென்றே ஒரு காட்சியை நடத்தியது.

உள்ளே போன நாணுக்கும் ஆயுள் உண்டு. களியும் பீங்கானும் தலைமுறைகள் தாங்கும். இலாஸ்டிக் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதனால் இந்தப் பொம்மையை வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் அதை முழுதாகக் கழற்றி, உருண்டைகளைத் துடைத்து, புதிய நாடா கோத்து, மறுபடி நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டுவிப்பவர் இல்லாத பாவைக்கும் நாண் மாற்ற ஒரு கை வேண்டும்.