'வெயில்' படத்தை இப்போ பார்க்கலாமா? ஊருக்கு பஸ் ஏறும் முன் ஒரு கைடு!

சாத்தூர் பஸ்ல ஜன்னல் சீட், கையில காராச்சேவு பொட்டலம், போன்ல 'என்ன படம் பார்க்கலாம்?'னு தேடல்... நீங்க அந்த ஆளா? அப்போ உங்க கரிசல் மண்ணுல எடுத்த 'வெயில்' (2006) படத்தை லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க.

யார் எடுத்தது?

இயக்கம், விருதுநகர்க்காரரான வசந்தபாலன். தயாரிப்பு, இயக்குநர் ஷங்கர். இசையமைப்பாளராக ஜி.வி.பிரகாஷுக்கு முதல் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. 2007 கான் விழாவிலும் திரையிடப்பட்டது.

கதை என்ன?

ஸ்கூலைக் கட் அடிச்சுட்டு எம்.ஜி.ஆர் படம் பார்க்கப் போன முருகேசனை, அப்பா உச்சி வெயில்ல நிர்வாணமா கட்டிப்போடுறார். அவமானம் தாங்காம ஓடிப்போறவன், ஒரு தியேட்டர்ல ஆபரேட்டராகிறான். அந்த தியேட்டரும் ஒருநாள் இல்லாமப் போகுது. 20 வருஷம் கழிச்சு வெறுங்கையோட வீட்டுக்கு வர்றான். தம்பி (பரத்) கட்டிக்கிறான். அப்பா முகம் கொடுக்கலை.

ஏன் பார்க்கணும்?

வெளியூர் போனவன் ஜெயிச்சுட்டுத்தான் திரும்பணும்ங்கிறது நம்ம ஊர்ல எழுதாத சட்டம். பெரும்பாலான சினிமாவும் அதையேதான் சொல்லும். இது தோத்துட்டு வந்தவனோட கதை. சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி கூச்சத்தோட நிற்கிற பசுபதியைப் பாருங்க. சென்னையிலயோ திருப்பூர்லயோ வேலை போனதை வீட்டுல சொல்லாம மறைச்சவங்களுக்கு அந்தக் கூச்சம் நல்லாவே புரியும்.

குறையே இல்லையா?

இருக்கு. தம்பியோட தொழில் போட்டி, அடிதடினு இரண்டாம் பாதி இழுக்கும். தற்கொலை, ரத்தக் காட்சிகளும் உண்டு. குழந்தைகளோட பார்க்க வேண்டாம். மனசு சரியில்லாத நாள்ல தள்ளிவைங்க.

பிடிச்சிருந்தா அடுத்து?

கென் லோச் இயக்கிய பிரிட்டிஷ் கிளாசிக் 'கெஸ்' (1969). பார்ன்ஸ்லிங்கிற நிலக்கரிச் சுரங்க ஊர்ல, வீட்டுலயும் பள்ளியிலயும் அடி வாங்குற பில்லி ஒரு வல்லூறைப் பழக்குறான். படிக்கலைன்னா அங்கே சுரங்கம், இங்கே தீப்பெட்டி ஆபீஸ். பேச்சுவழக்கு புரியாது, சப்டைட்டிலோட பாருங்க.

முடிவா?

'வெயில்' கண்டிப்பா பார்க்கலாம். முடிஞ்சா, அப்பாவையும் பக்கத்துல உட்காரவெச்சு!