அடுக்குக்குப் பின்னால் நிற்பவர்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையத்தின் சுவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 1914 முதல் தலைமன்னார் கப்பலுக்கு அங்கே மூட்டை சுமந்தவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. கட்டடத்துக்கு வரலாறு இருக்கிறது, அதில் உழைத்தவர்களுக்கு இல்லை. நம் நூலக வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை எடுத்துக்கொள்வோம். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திய எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் அங்கே நூலகரானார். ஆள் வராத அறையில் உட்கார முடியவில்லை. கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். இன்றைய நிர்வாக மொழியில் 'ஈடுபாடில்லாத ஊழியர்'. முதலில் லண்டன் போய் வாருங்கள் என்றார்கள். போனார், அங்கே நூலகங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்தார். 1925இல் திரும்பியவர் 1944 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருடைய குணம் மாறிவிடவில்லை. வேலை என்னவென்று புரிந்தது, அவ்வளவுதான்.

இந்த வாய்ப்பு அட்டெண்டருக்கு உண்டா? ரங்கநாதன் அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். 1931இல் வெளியான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. ஜனநாயகம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாசகர் கலைத்துவிட்டுப் போனதை எண் வரிசைப்படி திரும்ப அடுக்குவது யார்? ஒருவர் மிச்சப்படுத்தும் நேரம் இன்னொருவர் முதுகில் ஏறுகிறது.

கல்லூரி நூலகங்களில் நாம் எல்லோரும் பார்த்த ஒரு முகம் உண்டு: புத்தகத்தைத் தொடவிடாமல் முறைக்கிற முகம். 'அவன் அப்படித்தான் சார்' என்பார் மேலாளர். தொலைந்த புத்தகத்துக்கு ஊழியரே பொறுப்பு என்ற நடைமுறை பல நூலகங்களில் இருந்தது. அதை வைத்துப் படித்தால் முறைப்புக்கு வேறு அர்த்தம் வருகிறது. பூட்டி வைத்தால் அவருக்குப் பிழைப்பு, திறந்துவிட்டால் தலைவலி. விதி உண்டாக்கிய நடத்தையை நாம் குணம் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

ரங்கநாதன் நூலகர்களின் ஊதியத்துக்காகவும் மதிப்புக்காகவும் வாதாடியவர். 1957இல் அமைந்த பல்கலைக்கழக மானியக்குழுவின் நூலகக் குழு, அவர் தலைமையில், தொழில்முறை நூலகர்களை ஆசிரியர்களுக்கு இணையாக வைக்கச் சொன்னது. முக்கியமான பரிந்துரை. ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் அடுக்குகிறவர் வரவில்லை.

ஆகவே மேலாளராக இருக்கும் நண்பர்களிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஊழியர் ஏன் இப்படி நடக்கிறார் என்று குறிப்பு எழுதும் முன், எது தவறினால் அது அவர் தலையில் விழும் என்று விசாரியுங்கள். 1924இல் சலித்துப்போன ஒரு கணித ஆசிரியரிடம் காட்டிய பொறுமை போதும்.